பழிக்கு நடந்தவள்

உர்கெஞ்சு நகரத்துக்குப் போகிற சாலையில், கடைத்தெரு வாசலில் ரொட்டி விற்றுக்கொண்டிருந்த ஷரோஃபத்துக்கு ஊரில் இரண்டு விஷயத்தில் பேர். ஒன்று ரொட்டி. இன்னொன்று வாய். ரொட்டி காகிதம்போல மெலிசாக இருக்கும். வாய் அப்படி இல்லை. அவளிடம் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்கள் அடுத்த தெருவரைக்கும் அவள் குரலைக் கேட்டுக்கொண்டேதான் போகவேண்டும். புருஷன் மத்ரசூல் பருத்தி வயலில் டிராக்டர் ஓட்டுகிறவர். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அவளே பேசிவிடுவதால் அவருக்குப் பேசும் வேலை இருக்கவில்லை.

கல்யாணமாகி வெகுநாள் கழித்து, இனிமேல் இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு பிறந்தவள் இந்திசோர். காத்திருந்து பெற்றவள் என்பதால் அந்தப் பெயர். பதினோரு வயதில் அந்தப் பெண் திடீரென்று வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். சட்டை தொளதொளத்தது. மூச்சில் அழுகின ஆப்பிள் வாசனை வந்தது. உர்கெஞ்சில் பார்த்தபோது சர்க்கரை என்றார்கள். உயிரோடு இருக்கும்வரை ஊசி என்றார்கள்.

ஷரோஃபத்துக்குச் சர்க்கரை புதிதல்ல. அவள் அப்பாவுக்கு முதலில் கால் போயிற்று, பிறகு அவரே போனார். சித்தப்பாவுக்குக் கண். இரண்டு பேரும் தாடி நரைக்குமுன் மண்ணுக்குள் போனவர்கள். ஆனால் பிள்ளைக்கு வரும் என்று அவள் நினைக்கவில்லை. தெரிந்த மறுநாளே ஊசி போடக் கற்றுக்கொண்டாள். மாவு பிசைந்து காய்த்துப்போன அந்தக் கையால் வலிக்காமல் போடுவாள் என்று இந்திசோரே சொல்லுவாள்.

பெண் இருபது வயதில் பார்க்க லட்சணமாக இருந்தாள். கால்வாய்க்கு அக்கரையில் பெரிய பச்சைக் கதவு வீட்டுக் குலாந்தாம் பெண் கேட்டு வந்தாள். ஊரில் கல்யாணமோ சாவோ, பெண்கள் பக்கத்துக் காரியங்களை முன்னின்று நடத்துகிறவள் அவள். யாரை எங்கே உட்காரவைப்பது, எந்தத் தட்டை எப்போது இறக்குவது என்பதெல்லாம் அவள் கண்ணசைவில் நடக்கும். அவள் வந்து கேட்பது பெருமை.

ஷரோஃபத் எதையும் மறைக்கவில்லை. தேநீர் ஊற்றிவிட்டு நேராகவே சொன்னாள்.

"ஒளிச்சு வெச்சுப் பொண்ணு குடுக்கற குடும்பம் இல்ல நாங்க. அவளுக்குச் சர்க்கரை இருக்கு. தினமும் ஊசி போட்டாகணும். யோசிச்சுச் சொல்லுங்க."

குலாந்தாம் பியாலாக் கிண்ணத்தைக் கையில் சுழற்றிக்கொண்டே சிரித்தாள். "எந்த வீட்டுக் கூரைதான் ஒழுகல? எங்க வீட்ல கோதுமையைக் காக்கற மாதிரி அவளையும் பத்திரமா பாத்துக்குவோம் சம்பந்தி."

அந்த 'சம்பந்தி'யை நம்பித்தான் ஷரோஃபத் பெண்ணைக் கொடுத்தாள்.

மாப்பிள்ளை மக்சூத் கெட்டவனில்லை. ஆனால் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போகிறவன். பனி உருகும்போது போனால் பனி விழும்போது வருவான். இந்திசோர் மாமியாரோடு தனியாக இருந்தாள். அடுத்த வருஷம் கரு தங்கிற்று, மூன்றாம் மாதம் கலைந்தது. அதற்கப்புறம் குலாந்தாமின் முகம் மாறிவிட்டது.

"அந்த ஊசிதான் பிள்ளையைச் சுட்டுப் பொசுக்குது" என்று அவளிடம் யாரோ மந்திரிக்கிறவள் சொல்லியிருக்கிறாள். ஆகஸ்டு மாத வெயிலில் ஒருநாள், கிணற்றடிக் குளிர்ச்சியில் துணி சுற்றி வைத்திருந்த மருந்துக் குப்பிகளையெல்லாம் குலாந்தாம் எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொன்றாக உடைத்து வாய்க்காலில் கொட்டினாள். மருமகளை மந்திரிக்கிறவளிடம் கூட்டிப் போய், ஊதின தண்ணீரும் முசுக்கட்டைப் பழப் பாகும் குடிக்கவைத்தாள். இந்திசோர் அழுதாள், கெஞ்சினாள். கதவு பூட்டியிருந்தது. மறுநாள் வாந்தி. அதற்கு மறுநாள் பேச்சில்லை.

அப்போதாவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். குலாந்தாம் என்ன செய்தாள் என்றால், செத்தால் தன் வீட்டில் சாகக்கூடாது என்று அந்தப் பெண்ணை ஒரு காரில் போட்டு, கொண்டுவந்து ஷரோஃபத்தின் வாசலில் இறக்கினாள்.

ஷரோஃபத் தந்தூர் அடுப்புக்குள் குனிந்து ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால், பெண் மண்ணில் கிடக்கிறாள். மூச்சில் அந்த அழுகின ஆப்பிள் வாசனை.

"என்ன பண்ணினே என் பொண்ண?"

"உன் சாமானை உன்கிட்டயே ஒப்படைச்சுட்டேன்" என்றாள் குலாந்தாம், கார்க் கதவைப் பிடித்தபடி. "உங்க ரத்தம் ரத்தமா? சர்க்கரைப் பாகு. உங்கப்பன் நரை பாக்கல, உன் மக நரை பாக்க மாட்டா, நீயும் பாக்க மாட்டே. உங்க வம்சத்துக்கே கிழட்டுப் பருவம் எழுதல. என் மகனுக்கு வேற பொண்ணு பாத்துக்கறேன்."

ஊரே வேடிக்கை பார்த்தது. ஷரோஃபத் பெண்ணை மாவுக் கையோடு அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, மத்ரசூலின் டிராக்டர் நின்ற பக்கம் ஓடினாள். அடுப்பிலிருந்த ரொட்டி எல்லாம் கரியாயிற்று.

உர்கெஞ்சில் இந்திசோர் மூன்றாம் நாள் கண் திறந்தாள். இந்த மூன்று நாளும் ஷரோஃபத் நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து, குழாயில் தண்ணீர் பிடித்துப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். யுல்துஸ் என்ற இளவயது டாக்டரம்மா போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தாள். கடைசியில் அவள் கையைப் பிடித்து விரலில் குத்தினாள்.

"சர்க்கரை பதினேழு" என்றாள். "ஆறுல இருக்க வேண்டியது. எவ்வளவு நாளா இப்படி?"

"பொண்ணு எப்படி இருக்கா, அதைச் சொல்லுங்க."

"பொண்ணு பொழச்சுட்டா. இப்ப உங்களைப் பத்திப் பேசறேன் அக்கா. இப்படியே போனா, நீங்க சொன்ன உங்கப்பா கணக்குதான்."

ஷரோஃபத் விரல் நுனியில் நின்ற ரத்தப் பொட்டைப் பார்த்தாள். குலாந்தாம் சொன்னது அத்தனையும் அந்தப் பொட்டில் நின்றது. அவள் சாபம் பலித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் சில வருஷத்தில் இவள் செத்து, அந்தப் பச்சைக் கதவுக்காரி துக்க வீட்டில் முன்னின்று பந்தி பரிமாறுவாள். 'நான் அப்பவே சொன்னேனே' என்பாள். அந்தக் காட்சி கண்ணுக்குள் வந்ததும் ஷரோஃபத்தின் காது மடல் வரைக்கும் சூடேறியது.

"நான் சாகக்கூடாது" என்றாள்.

"யாருக்குத்தான் சாகணும்னு ஆசை" என்றாள் டாக்டரம்மா.

"உங்களுக்குப் புரியல. நான் அவளுக்கு முன்னால சாகக்கூடாது. என்ன பண்ணணும், சொல்லுங்க."

டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தாள். ரொட்டியைக் குறைக்கச் சொன்னாள், கற்கண்டை நிறுத்தச் சொன்னாள், நடக்கச் சொன்னாள், காலைத் தினமும் பார்க்கச் சொன்னாள். "முக்கியமா கோபப்படக் கூடாது. கோபத்துக்கும் சர்க்கரை ஏறும்" என்றாள். ஷரோஃபத் மற்றதெல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கோபத்தைப் பற்றிக் கேட்காததுபோல இருந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மக்சூத் ரஷ்யாவிலிருந்து போனில் மூன்று தடவை ஒரே சொல்லைச் சொல்லி முறித்துக்கொண்டான். அந்த வருஷமே அவனுக்கு ஸுல்ஃபியா என்று ஒருத்தியைக் கட்டிவைத்தார்கள். கல்யாண மேளச் சத்தம் கால்வாயைத் தாண்டி வந்தது. இந்திசோர் காதில் தலையணையை வைத்து அமுக்கிக்கொண்டு படுத்திருந்தாள். ஷரோஃபத் வாசலுக்குப் போய் நின்று முழுசாகக் கேட்டாள். ஒரு தாளம் விடவில்லை.

மறுநாளிலிருந்து நடக்க ஆரம்பித்தாள்.

ஊரில் நடக்க எத்தனையோ வழி இருக்கிறது. பருத்தி வயல் வரப்பு இருக்கிறது, நெல் வயல் பக்கம் நிழல்கூட இருக்கிறது. ஷரோஃபத் பாலம் தாண்டி அக்கரைக்குப் போய், பச்சைக் கதவு வீட்டு வாசல் வழியாகத்தான் நடந்தாள். வாசலில் ஒரு பெஞ்சு. சாயங்காலமானால் குலாந்தாமும் நாலு பெண்களும் அங்கே உட்கார்ந்து பூசணி விதை கொறிப்பார்கள்.

முதல் நாள் அவள் மூச்சிரைக்க, கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பெஞ்சு சிரித்தது.

"எங்கடி ஷரோஃபத் ஓடறே? கழுதை தொலைஞ்சுபோச்சா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"தொலையல. இதோ உங்க நடுவுலதான் உக்காந்திருக்கு" என்றாள் ஷரோஃபத், நிற்காமல்.

குலாந்தாம் விதைத் தோலைத் துப்பினாள். "போகட்டும் விடுங்க. கொஞ்ச நாள்தான். அவங்க பரம்பரையே குறுக்கு வழியில போய்ச் சேர்ற பரம்பரை."

"உன்னை அனுப்பிட்டுப் போறேன்டி" என்று சொல்லிக்கொண்டு ஷரோஃபத் நடந்தாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் முழங்கால் விண்ணென்று தெறித்தது. மத்ரசூல் வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

ரொட்டி சுடுகிறவள் ரொட்டியை விடுவது சும்மா இல்லை. அடுப்பிலிருந்து எடுக்கும்போது எழுகிற அந்த முதல் வாசனை, எள்ளு வெடிக்கிற சத்தம், எல்லாம் அவளைப் பிடித்து இழுக்கும். அப்படி இழுக்கும்போதெல்லாம் குலாந்தாம் தன் சாவு வீட்டில் தட்டு அடுக்குவதை நினைத்துக்கொள்வாள். கை தானாகப் பின்வாங்கும். தனக்கென்று சோள மாவில் கொஞ்சம் தட்டிப் போட்டுக்கொள்வாள். அதிலும் அளவுதான். முட்டையும் கீரையும் பொரிக்காத மீனும் தயிருமாகச் சாப்பிட்டாள். இலையுதிர் காலத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட முலாம்பழங்கள் வீடு முழுக்க மணக்கும். ஒரு கீற்று அறுத்து, அதையும் பாதியாக்கி, கண்ணை மூடிக்கொண்டு தின்றுவிட்டு, மீதியை மத்ரசூல் பக்கம் தள்ளுவாள். அவர் அந்த வருஷங்களில் நன்றாகக் குண்டாகிவிட்டார். பிறகு அவரையும் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

பதினேழு பதினொன்றாயிற்று. பதினொன்று எட்டாயிற்று. ஒருநாள் டாக்டரம்மா யுல்துஸ் இரண்டு தடவை குத்திப் பார்த்துவிட்டு, "ஆறரை! எப்படி அக்கா?" என்றாள்.

"ஒருத்தி மேல வயித்தெரிச்சல்" என்றாள் ஷரோஃபத்.

இந்திசோரையும் அவள் சும்மா விடவில்லை. வீட்டுக்குள் சுருண்டு கிடந்தவளை உதைக்காத குறையாக எழுப்பினாள். "நீ அழுது செத்தா அவளுக்குத்தான்டி லாபம்" என்பாள். வேறு ஆறுதல் எதுவும் அவளுக்குத் தெரியாது. அந்தச் சொல்தான் பெண்ணை எழுப்பிற்றோ என்னவோ, இந்திசோர் உர்கெஞ்சில் போய் நர்ஸ் வேலைக்குப் படித்தாள். முடித்ததும் ஊர் மருத்துவ நிலையத்திலேயே வேலை கிடைத்தது. அம்மாவைப்போலப் பேசமாட்டாள். மெல்ல, நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். ஊர்க் கிழவர்களுக்கெல்லாம் அவள் கை பிடித்துப்போயிற்று.

வருஷங்கள் போயின. ஷரோஃபத்தின் தலை நரைத்தது. அந்த ஊர்ப் பெண்கள் மருதாணி வைத்து நரையை மறைப்பார்கள். இவள் மறைக்கவில்லை. மறைக்காததோடு, முக்காட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, முன்நெற்றி வெள்ளை தெரிகிற மாதிரி கட்டிக்கொண்டு, பச்சைக் கதவு வாசலில் கொஞ்சம் மெதுவாக நடப்பாள். குலாந்தாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்றைக்கு ஷரோஃபத்துக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

அறுபது தாண்டின ஒரு வசந்தகாலத்தில்தான் அவள் அதைக் கவனித்தாள். பெஞ்சில் குலாந்தாம் பக்கத்தில் எப்போதும் ஒரு கெட்டில் இருந்தது. ஊற்றிக் குடிப்பாள், எழுந்து கொல்லைப் பக்கம் போவாள், வந்து மறுபடியும் ஊற்றுவாள். கன்னம் ஒட்டியிருந்தது. வெல்வெட் கவுன் தோளிலிருந்து வழிந்தது. கோடையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. இடது கால் ரப்பர்ச் செருப்பை ஓரத்தில் கத்தியால் கீறி அகலப்படுத்தியிருந்தாள். நடக்கும்போது அந்தக் காலைத் தரையில் சரியாக ஊன்றவில்லை.

ஒருநாள் காற்று அந்தப் பக்கமிருந்து வீசிற்று. ஷரோஃபத்துக்கு அந்த வாசனை தெரியும். கால் அழுகின அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாதக்கணக்கில் சுவாசித்த வாசனை.

அவள் நின்றுவிட்டாள். பிறகு வேகமாக நடந்தாள். பாலத்தின் மேல் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே ஓடுகிற மண்நிறத் தண்ணீரைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சர்க்கரைப் பாகு! பாகு என்றாளே, அவளுக்குள்ளேயே பாகு காய்ந்துகொண்டிருக்கிறது!

எல்லாம் அவளுக்கு விளங்கிற்று. குலாந்தாமுக்கு என்ன வியாதி என்று குலாந்தாமுக்கே தெரியும். தெரிந்தும் மருத்துவ நிலையத்துக்குப் போக முடியாது. அங்கே விரலில் குத்துகிறவள் இந்திசோர். உர்கெஞ்சுக்குப் போகலாமென்றால் மருமகள் ஸுல்ஃபியாவிடம் சொல்லவேண்டும், சொன்னால் ஊருக்குத் தெரியும். ஊர் முன்னால் அன்றைக்கு அவள் சொன்ன சொல் இன்னும் அப்படியே நிற்கிறது. அந்தச் சொல்லே அவள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

ஷரோஃபத் யாரிடமும் மூச்சு விடவில்லை. மகளிடம்கூட. இப்படி ஒரு வரத்தை இறைவன் கொடுத்தால் வாயைத் திறந்து கெடுப்பார்களா? பெருநாள் வந்தபோது வெண்ணெயும் சர்க்கரையும் வழிய வழிய அல்வா கிண்டினாள். நல்ல தட்டில் வைத்து, வேலைப்பாடு போட்ட துணி மூடி, அக்கரைக்குக் கொண்டுபோகச் சொன்னாள்.

மத்ரசூல் தட்டையும் அவளையும் பார்த்தார். "குலாந்தாமுக்கா? சமாதானமா போயிட்டியா?"

"ஆமா. சமாதானம்தான். சீக்கிரமா முழுச் சமாதானம் ஆயிடும். கொண்டுபோய்க் குடுங்க."

அவர் பாவம், சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார். பெருநாள் பலகாரத்தைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் அங்கே இல்லை. தட்டு காலியாகத் திரும்பி வந்தது. ஷரோஃபத் அந்தத் தட்டை வெகுநேரம் கழுவினாள்.

அந்த இலையுதிர் காலத்தில் ஊரில் ஒரு கல்யாணம். முற்றத்தில் நீள நீள மேஜை. மத்தியானம் பெண்கள் பந்தி. தலைமேஜையில் வழக்கம்போல குலாந்தாம். தோல் பூட்சு போட்டு, கவுனை இழுத்து மூடி உட்கார்ந்திருந்தாள். மேளமும் தம்புராவும் லஸ்கி ஆட்டத்துக்கு அடிக்க ஆரம்பித்ததும் இளம்பெண்கள் எழுந்தார்கள். யாரோ ஷரோஃபத்தையும் இழுத்துவிட்டார்கள். அந்த ஆட்டம் விரல் நுனியில் மெதுவாகத் தொடங்கி, மணிக்கட்டு, தோள் என்று ஏறி, கடைசியில் உடம்பையே உலுக்கி எடுக்கும். பாதி வயதுக்காரிகள் மூச்சு வாங்கி நின்றுவிட்டார்கள். ஷரோஃபத் நிற்கவில்லை. வருஷக்கணக்கில் நடந்த கால். முற்றமே கைதட்டிற்று.

தாளம் ஓய்ந்த அந்தச் சின்ன இடைவெளியில் குலாந்தாமின் குரல் வந்தது.

"வாழாவெட்டி மகளை வீட்ல உக்கார வெச்சுக்கிட்டு எப்படித்தான் இந்தக் குதி குதிக்க மனசு வருதோ."

ஒரு வாரம் பொறுத்திருந்தால் போதும். அது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது காதில் விழுந்தது 'வாழாவெட்டி' ஒன்றுதான். மாதக்கணக்கில் பல்லைக் கடித்துப் பூட்டி வைத்திருந்த வாய் அந்தச் சொல்லில் திறந்துகொண்டது.

"நான் ஆடறேன். நீ ஆடு பாக்கலாம். எழுந்திரு! ஏன், முடியலியா? இடது கால் பூட்ஸைக் கழட்டு. ஊரே பாக்கட்டும். உன் கால் அழுகிக்கிட்டிருக்கு குலாந்தாம்! நாத்தத்தை மறைக்க ரோஜாத் தைலம் பூசிக்கிட்டு வந்திருக்கே. ஆறு மாசமா கெட்டில் கெட்டிலா குடிக்கறியே, அது என்ன தாகம்? எங்க ரத்தம் பாகுன்னியே, உன் ரத்தம் என்னடி, ரோஜாத் தண்ணியா?"

குலாந்தாம் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. மேஜை விரிப்பைப் பிடித்தாள். இரண்டு பியாலா விழுந்து உடைந்தது. ஸுல்ஃபியா ஓடிவந்து மண்டி போட்டு, மாமியார் கையைத் தட்டிவிட்டுப் பூட்ஸை இழுத்தாள். சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். இரண்டு விரல் கருத்துக் கிடந்தன. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள்.

"அத்தை, இதை மறைச்சுக்கிட்டா என்கூட ஒரே வீட்ல இருந்தீங்க?" என்று ஸுல்ஃபியா அலறினாள்.

ஷரோஃபத் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடுமுற்றத்தில் நின்றாள். அவள் வாழ்க்கையில் அதைவிட இனித்த நேரம் இல்லை.

அந்த இனிப்பு இரண்டு நாள்தான் இருந்தது. அன்றைக்கே குலாந்தாமை உர்கெஞ்சுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு விரலை எடுத்தார்கள். கால் தப்பிற்று. செய்தியை இந்திசோர்தான் வந்து சொன்னாள்.

"சரியான நேரத்துல கொண்டுவந்தாங்களாம். இன்னும் ஒரு வாரம் போயிருந்தா விஷம் மேல ஏறி ஆளே போயிருப்பாங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"ஒரு வாரமா?" என்றாள் ஷரோஃபத்.

மாவுத் தொட்டியின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மாவை எடுத்து ஓங்கி அடித்தாள். "ஒரே ஒரு வாரம்! இந்த நாறவாயை ஒரு வாரம் மூடிக்கிட்டிருக்கத் தெரியலையே எனக்கு! என் கையால கெடுத்துக்கிட்டேனே! நானே காப்பாத்திட்டேனே அவளை!" மத்ரசூல் சிரிப்பை அடக்க வெளியே போனார். அவள் பார்த்துவிட்டாள். அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இல்லை.

போதாததற்கு ஊரார் வந்து வாழ்த்தினார்கள். பகையை மறந்து உயிரைக் காப்பாற்றினவள் என்று கடைத்தெருவில் அவளுக்குப் பேர். ரொட்டி வாங்க வந்த ஒரு பெரியவர் கண் கலங்கி ஆசீர்வாதம் செய்தார். அவரைத் திட்டி அனுப்பினாள்.

குலாந்தாம் வீடு திரும்பியபோது தினமும் ஊசி போட்டாகவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மருந்து ஊர் மருத்துவ நிலையத்தில்தான். முதல் நாள் ஸுல்ஃபியா மட்டும் வந்து நின்றாள். இந்திசோர் மருந்தைக் கொடுக்கவில்லை.

"அவங்களே வரணும். தானாப் போட்டுக்க நான் கத்துக்குடுக்கணும்."

இதைக் கேள்விப்பட்ட ஷரோஃபத்துக்கு உயிரே போய்விட்டது. "அவளுக்கா? நீயா? உன் மருந்தை வாய்க்கால்ல கொட்டினவளுக்கு உன் கையால ஊசியா? உனக்கு மானம் இருக்கா, இல்ல அதையும் அவ அன்னிக்கே கொட்டிட்டாளா?"

இந்திசோர் அவசரப்படவில்லை. கோட்டு மாட்டிக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு நீயும் வாயேன்மா. வந்து உக்காந்து பாரு."

மறுநாள் ஷரோஃபத் போய் மூலையில் உட்கார்ந்தாள். குலாந்தாம் தடி ஊன்றி வந்தாள். இரண்டு கிழவிகளும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இந்திசோர் முன்பெல்லாம் அவளை 'அத்தை' என்று கூப்பிட்டவள். இப்போது எல்லா நோயாளிகளுக்கும் சொல்வதுபோல, "உக்காருங்க குலாந்தாம் அம்மா" என்றாள். குளிர்பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்து, அந்தக் கிழவியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"கையில வெச்சுச் சூடு பண்ணுங்க. சில்லுன்னு போட்டா வலிக்கும்."

குலாந்தாம் மூடின கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இதைத்தான் நீங்க உடைச்சீங்க" என்றாள் இந்திசோர், அதே மெல்லிய குரலில். "ஞாபகம் இருக்கா? எத்தனை சின்னது பாருங்க. இதுக்குள்ளதான் என் உயிர் இருந்தது. இப்ப உங்களது இருக்கு. நல்லா பிடிச்சுக்கோங்க, கீழ விழுந்தா உடைஞ்சுடும்."

குலாந்தாம் இன்னொரு கையையும் அதன்மேல் பொத்திக்கொண்டாள். இந்திசோர் ஆறுதல் சொல்லவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. மருந்து சூடாகிறவரைக்கும் எதிரில் உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வயிற்று மடிப்பைப் பிடித்து, வலிக்காமல் போட்டுக் காட்டினாள்.

"நாளைக்கும் வாங்க" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஷரோஃபத் மகளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.

"அவங்க செத்திருந்தா எனக்கு என்னம்மா கிடைச்சிருக்கும்?" என்றாள் இந்திசோர். "ஊரே போய் அழுதிருக்கும். நல்லவங்கன்னு புதைச்சிருப்பாங்க. அவங்க ரொம்ப நாள் இருக்கணும். ஒவ்வொரு நாளும் என் முன்னால வந்து உக்காந்து கையை நீட்டணும். நான் நடக்கறதையும் சிரிக்கறதையும் பாக்கணும். அதுக்கு எத்தனை ஊசி வேணும்னாலும் நான் போடுவேன்."

ஷரோஃபத் மகளை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். தன் வாயெல்லாம் வெறும் இரைச்சல் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றிற்று.

குலாந்தாம் கற்றுக்கொண்ட பிறகும் தினமும் வந்தாள். இந்திசோர் வரச்சொன்னாள், வந்தாள். சொன்னதைச் சாப்பிட்டாள், காயம் ஆறியதும் சொன்னபடி நடந்தாள். கல்யாணப் பந்திகளில் முன்னால் நிற்பதை விட்டுவிட்டாள். மறு வருஷம் அவள் சர்க்கரை ஆறுக்கு வந்தது. அந்த மாதம் ஷரோஃபத்துக்கு ஏழரை.

"அவளுக்கு ஆறு, எனக்கு ஏழரையா?" என்று ஷரோஃபத் குதித்தாள். "இன்னொரு தடவை குத்து!"

"அவங்க கோபப்படறதில்லம்மா" என்றாள் இந்திசோர். "நீ கற்கண்டை விட்டே, ரொட்டியை விட்டே. இது ஒண்ணை மட்டும் வாயில அடக்கிக்கிட்டே இருக்கே."

"இதையும் விட்டுட்டா நான் எதைத் தின்னுடி உயிர் வாழறது?"

இந்திசோர் பிறகு இரண்டாம் தாரமாக ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டாள். அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தாள். ஊர் விட்டுப் போகவில்லை.

ஷரோஃபத் எழுபதைத் தாண்டினாள். ஒரு பெருநாளுக்கு முந்தின நாள் குலாந்தாம் பாலத்தின் நடுவில் அவளுக்காகக் காத்து நின்றாள். பெருநாளுக்கு முன் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது அங்கே வழக்கம்.

"ஷரோஃபத்" என்றாள். குரல் மெலிந்திருந்தது. "உன் பொண்ணு ஒரு நாளும் என்னைத் திட்டினதில்ல. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். நீயாவது மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் நிம்மதியா கண்ணை மூடிக்கறேன்."

ஷரோஃபத் அவள் முகத்தைப் பார்த்தாள். கெஞ்சுகிற கண். மனசு ஒரு கணம் அசைந்தது உண்மை. உடனே, மண்ணில் கிடந்த பெண்ணின் மூச்சு வாசனை மூக்கில் ஏறிற்று.

"கண்ணை மூடறதுக்கு என்ன அவசரம்?" என்றாள். "உனக்கு ஆறுதானே சர்க்கரை? இன்னும் ரொம்ப நாள் இருப்பே. அடுத்த பெருநாளைக்கும் கேளு. அதுக்கடுத்ததுக்கும் கேளு."

"சொல்லவே மாட்டியா?"

"தெரியல. நடந்துகிட்டே இரு. பாக்கலாம்."

மறுநாள் பெருநாள். தொழுகை முடிந்து எல்லோரும் விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஷரோஃபத் ஒரு கோப்பைச் சர்க்கரையில்லாத் தேநீர் குடித்துவிட்டுக் கால்வாய்க் கரைக்கு வந்தாள். எதிர்க்கரையில் குலாந்தாம் தடியோடு நடந்துகொண்டிருந்தாள். இவளைவிடப் பத்தடி முன்னால். ஷரோஃபத் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு எட்டி நடந்தாள்.